கோப்பை வந்தால் பெருமை கோச்சுக்கா, ஆடியவர்களுக்கா?

"ஒரு கால்பந்து அணி ஜெயித்தால் அந்தப் பெருமை பயிற்சியாளருக்குச் சேருமா, வீரர்களுக்குச் சேருமா?" இதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணி எந்த உயரம் வரை போக முடியும் என்பதை வீரர்களின் தரம் தீர்மானிக்கிறது. அந்த உயரத்தை எவ்வளவு நெருங்குகிறது என்பதில்தான் கோச்சின் வேலை தெரியும். ஆளுக்குப் பாதி என்று பங்கு போடுவதில் பயனில்லை. கோச்சுக்குப் பெருமை தர வேண்டுமென்றால், அவர் எடுத்த முடிவு இன்னது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடிய வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஆட்டத்தில் என்ன மாறியது என்று காட்டவும் வேண்டும். அப்படிக் காட்ட முடியாதபோது அந்தப் பெருமை பெரும்பாலும் வீரர்களுக்கோ, அவர்களைத் தேடிப் பிடித்தவர்களுக்கோ, போட்டி அட்டவணைக்கோதான் சேர வேண்டும்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். பொருளாதார அறிஞர் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கி இங்கிலாந்து கிளப்புகளின் வரவு செலவுக் கணக்குகளைப் பல ஆண்டுகளுக்கு எடுத்து ஆராய்ந்திருக்கிறார். ஒரு கிளப் கொடுக்கும் சம்பளமும் லீகில் அதற்குக் கிடைக்கும் சராசரி இடமும் சேர்ந்தே நகர்கின்றன. பத்தாண்டு அளவில் பார்த்தால், இடங்களில் உள்ள வேறுபாட்டில் சுமார் 90 சதவீதத்தைச் சம்பளத்தை வைத்தே விளக்கிவிடலாம். ஒரு சீசனை மட்டும் எடுத்தால் அந்தப் பிடி தளர்கிறது. காயம், அதிர்ஷ்டம், கோச் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. அதாவது, பெரும்பாலான கோச்சுகள் தங்கள் அணியின் சம்பளம் காட்டும் இடத்திலிருந்து வெகுகாலம் விலகி நிற்பதில்லை. விலகி நிற்பவர்கள் மிகச் சிலர். அலெக்ஸ் ஃபெர்குசன் அதில் ஒருவர். 2012-13இல் மான்செஸ்டர் யுனைடெட் அவர் கையில் 89 புள்ளிகளோடு சாம்பியன். அவர் ஓய்வு பெற்ற அடுத்த சீசனில், ஏறக்குறைய அதே வீரர்களோடு, 64 புள்ளிகள், ஏழாம் இடம். இங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஃபெர்டினாண்ட், கிக்ஸ் என்று வயதான அணியை விட்டுச் சென்றதும் அவர்தான். வீரர் வாங்கும் பேரங்களை முடித்துவந்த தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். 25 புள்ளிச் சரிவையும் அடுத்து வந்த கோச் டேவிட் மோயஸ் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இந்தக் கேள்வியைச் சோதிக்க இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஏறக்குறைய அதே வீரர்கள், இரண்டரை ஆண்டுக்குள் மூன்று கோச்சுகள், கணக்கெல்லாம் கண்ணெதிரே இருக்கிறது.

2014-15இல் நைஜல் பியர்சன் கோச். முதல் 29 ஆட்டங்களில் லெஸ்டருக்கு 19 புள்ளிகள்தான், பட்டியலின் அடியில் கிடந்தார்கள். கடைசி 9 ஆட்டங்களில் ஏழு வெற்றி, ஒரு டிரா, 22 புள்ளிகள். 14ஆம் இடத்தில் தப்பித்தார்கள். கோடையில் பியர்சன் நீக்கப்பட்டு கிளாடியோ ரனியேரி வந்தார். 2015-16இல் 81 புள்ளிகள், 23 வெற்றி, மூன்றே தோல்வி, சாம்பியன். பலரும் இந்தக் கதையை ரனியேரியில் தொடங்குகிறார்கள். ஆனால் ஏற்றம் அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதை அந்த 22 புள்ளிகள் சொல்கின்றன.

அப்படியானால் ரனியேரி என்ன செய்தார்? பியர்சன் அந்தக் கடைசி ஓட்டத்தில் மூன்று சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நின்று காப்பவர்) வைத்து ஆடினார். ரனியேரி 4-4-2க்கு, அதாவது பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர் என்று மாற்றினார். வெஸ் மோர்கன், ராபர்ட் ஹுத் இருவரும் உயரமும் பலமும் உள்ளவர்கள், ஆனால் வேகம் கிடையாது. அவர்களுக்குப் பின்னால் திறந்த வெளி இருந்தால் எந்த ஸ்டிரைக்கரும் தாண்டிப் போய்விடுவார். அதனால் பின்வரிசையை இறக்கி, பெனால்டி பாக்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதற்கு முன்னால் நான்கு மிட்ஃபீல்டர்களும் ஒடுங்கி நின்றார்கள். எதிரணி நடுவில் நுழைய வழியில்லாமல் ஓரத்துக்குப் போய் அங்கிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கி அடிக்கும், அதாவது கிராஸ் போடும். கிராஸைத் தலையால் அடித்து வெளியேற்றுவது மோர்கனுக்கும் ஹுத்துக்கும் தினசரி வேலை. பந்து கிடைத்ததும் டேனி டிரிங்க்வாட்டரோ ரியாத் மஹ்ரெஸோ எதிரணியின் பின்வரிசைக்குப் பின்னால் போடுவார்கள், ஜேமி வார்டி ஓடுவார். சீசன் முழுக்கப் பந்து லெஸ்டரிடம் இருந்தது பாதி நேரத்துக்கும் குறைவுதான். அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவே இல்லை.

இரண்டாவது முடிவு இன்னும் துல்லியமானது. 2015 செப்டம்பர் 26 அன்று சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் 5-2 என்று தோற்றார்கள். அதுவரை ஃபுல் பேக் இடங்களில், அதாவது பின்வரிசையின் இரண்டு ஓரங்களில், ஆடியவர்கள் ரிச்சி டி லெட்டும் ஜெஃப் ஷ்லுப்பும். இருவருக்கும் முன்னே ஏறிப் போகத்தான் பிடிக்கும். அடுத்த ஆட்டத்திலிருந்து டேனி சிம்ப்சன், கிறிஸ்டியன் ஃபுக்ஸ். இவர்கள் இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். சீசனின் முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட லெஸ்டர் கோல் வாங்காமல் இருந்ததில்லை. முடிவில் கோல் வாங்காத ஆட்டங்கள் 15. மார்ச், ஏப்ரலில், பட்டத்துக்கான நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, தொடர்ந்து நான்கு ஆட்டங்களை 1-0 என்று ஜெயித்தார்கள். கோல் வாங்காவிட்டால் பீட்ஸா வாங்கித் தருகிறேன் என்று ரனியேரி சொன்னதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஃபுல் பேக் மாற்றம்தான் முக்கியம். இதைத்தான் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய முடிவு என்கிறேன்.

இனி அவருக்குச் சேராதவை. எங்கோலோ கான்டேயை ஃபிரான்சின் கேன் கிளப்பிலிருந்தும், மஹ்ரெஸை லு ஆவ்ரிலிருந்தும், வார்டியை ஐந்தாம் அடுக்கில் ஆடிய ஃப்ளீட்வுட் டவுனிலிருந்தும் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஸ்டீவ் வால்ஷும் அவருடைய ஆள்தேடும் குழுவும். மஹ்ரெஸும் வார்டியும் ரனியேரி வருவதற்கு வெகுமுன்பே அங்கே இருந்தார்கள். அந்த சீசனில் ஐரோப்பியப் போட்டி கிடையாது, இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் சீக்கிரமே வெளியேறினார்கள். மொத்தமே 43 ஆட்டங்கள். பெரிய காயங்கள் இல்லை, அதனால் லீகிலேயே மிகக் குறைவாக முதல் பதினொன்றை மாற்றிய அணி அதுதான். முந்தைய சாம்பியன் செல்சீ பத்தாம் இடத்துக்குச் சரிந்தது. அடுத்த இரண்டு சாம்பியன்கள் எடுத்தது 93, 100. 81 புள்ளிகள் போதும் என்பதே அந்த ஆண்டின் விசேஷம்.

2016 கோடையில் கான்டே சுமார் 3.2 கோடி பவுண்டுக்குச் செல்சீ போனார். வால்ஷ் எவர்டன் போனார். சாம்பியன்ஸ் லீக் வந்தது, பத்து ஆட்டங்கள் கூடின. ரனியேரி மாறவில்லை, 4-4-2 மாறவில்லை. ஆனால் இரண்டு மிட்ஃபீல்டர்களை மட்டும் வைத்து நடுப்பகுதியைக் காக்க முடிந்ததே கான்டே இருவர் ஓட வேண்டிய தூரத்தை ஒருவராக ஓடியதால்தான். 2015-16இல் பிரீமியர் லீகிலேயே அதிக டாக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது), அதிக இன்டர்செப்ஷன் (பாஸை இடையில் மறிப்பது) இரண்டும் அவருடையவை. அவர் போனதும் மோர்கனுக்கும் ஹுத்துக்கும் முன்னால் ஓட்டை விழுந்தது. 25 ஆட்டங்களில் 21 புள்ளிகள். 2017 பிப்ரவரி 23 அன்று ரனியேரியை நீக்கினார்கள். அதே கான்டே செல்சீயில் அடுத்த ஆண்டே மீண்டும் சாம்பியன். இரண்டு ஆண்டுகள், இரண்டு கிளப்புகள், இரண்டு கோச்சுகள், இரண்டு பட்டங்கள். நடுவில் பொதுவாக இருந்தது ஒரு மிட்ஃபீல்டர்.

இதை மட்டும் பார்த்தால் வீரர்தான் எல்லாம் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் அந்தச் செல்சீ சீசனையே கூர்ந்து பாருங்கள். கான்டே இருந்தும் 2016 செப்டம்பர் 24 அன்று ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்திற்குப் பிறகு செல்சீ கோச் அன்டோனியோ கொன்டே பின்னால் மூவர் நிற்கும் 3-4-3க்கு மாறினார். ஃபுல் பேக் அஸ்பிலிகுவேட்டாவை மூன்றாவது சென்டர் பேக்காக உள்ளே இழுத்தார். மூன்று சீசன்கள் வேறு வேறு கிளப்புகளுக்குக் கடனாகப் போய்வந்த விக்டர் மோசஸை வலது ஓரம் முழுவதும் ஏறி இறங்கும் விங் பேக் ஆக்கினார். அடுத்து தொடர்ந்து 13 லீக் வெற்றிகள். வீரர்கள் அதே வீரர்கள்தான், நிற்கும் இடம்தான் மாறியது.

இதே போன்ற சோதனை மான்செஸ்டர் சிட்டியிலும் நடந்தது. 2023-24 லீகில் சிட்டி தோற்றது மூன்றே ஆட்டங்கள். மூன்றிலும் தற்காப்பு மிட்ஃபீல்டர் ரோட்ரி இல்லை. 2024 செப்டம்பரில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் இறுதி வரை எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 13 ஆட்டங்களில் ஒரே வெற்றி, ஒன்பது தோல்வி. கோச் பெப் கார்டியோலா அதே ஆள். அவருடைய திட்டத்தில் ஏழெட்டுப் பேர் எதிரணிப் பாதியில் நிற்பார்கள். பந்து பறிபோன அடுத்த இரண்டு மூன்று வினாடிகளில் முதல் பாஸை வெட்டுவதற்கு நடுவில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் இல்லாவிட்டால் உயர்ந்து நிற்கும் பின்வரிசையே அணிக்கு ஆபத்தாகிவிடும். மற்றவர்களுக்கும் காயம் இருந்தது, வயதும் ஏறியிருந்தது, உண்மைதான். ஆனாலும் ஒரு கோச்சின் மொத்தத் திட்டமும் ஒருவருடைய காலில் எவ்வளவு தூரம் தொங்கிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு இது தெளிவான சாட்சி.

ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு பேருடைய பங்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா? அர்ஜென்டினாவும் ஃபிரான்சும் மோதிய 2022 உலகக் கோப்பை ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவின் ஏஞ்சல் டி மரியா அதுவரை நாக்அவுட் ஆட்டங்கள் எதிலும் முதல் பதினொன்றில் இல்லை. கோச் லியோனல் ஸ்கலோனி அவரை இறக்கினார், அதுவும் வழக்கமான வலது பக்கத்தில் விடாமல் இடது பக்கத்தில். காரணம் எதிரே இருந்தது: ஃபிரான்சின் வலது ஃபுல் பேக் கூண்டே, அடிப்படையில் சென்டர் பேக், அவருக்கு உதவ வர வேண்டியவர் டெம்பலே, தற்காப்பில் பழக்கமில்லாதவர். 23ஆம் நிமிடத்தில் டெம்பலே டி மரியாவை இடறிவிட்டார், பெனால்டி, மெஸ்ஸி கோல். 36ஆம் நிமிடத்தில் டி மரியாவே கோல். இது கோச்சின் கோல் என்று கூசாமல் சொல்லலாம். திட்டம் பலித்ததை எதிரணியின் செயலே ஒப்புக்கொண்டது: 41ஆம் நிமிடத்திலேயே ஃபிரான்ஸ் கோச் டிடியே தெஷாம் டெம்பலேயையும் ஜிரூவையும் வெளியே எடுத்துவிட்டார்.

64ஆம் நிமிடத்தில் ஸ்கலோனி டி மரியாவை எடுத்துவிட்டு அக்குன்யாவை இறக்கினார். அதன்பின் கூண்டேவுக்கு அந்தப் பக்கம் பயமில்லை. தெஷாம் இறக்கிய கோலோ முவானியை ஒட்டமெண்டி இடறிவிட, 80ஆம் நிமிடத்தில் எம்பாப்பே பெனால்டி. அடுத்த நிமிடமே இன்னொரு கோல். முதல் கோலுக்கான வழியைத் திறந்தது தெஷாமின் மாற்று வீரர். இரண்டாவது, பறந்து வந்த பந்தை எம்பாப்பே அப்படியே அடித்த அடி. அதை எந்த வெள்ளைப் பலகையிலும் வரைய முடியாது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், 3-3 என்று இருந்தபோது, தனியாக வந்த கோலோ முவானியின் ஷாட்டை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அந்தக் கால் ஒரு விரற்கடை தள்ளி இருந்திருந்தால் ஸ்கலோனி இன்று "டி மரியாவை ஏன் எடுத்தீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். முடிவு நன்றாக வந்துவிட்டதால் எடுத்த முடிவுகள் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. 64ஆம் நிமிட மாற்றம் தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கோச்சின் முத்திரை மிகச் சுத்தமாகத் தெரிவது கார்னரில். ஓடும் ஆட்டத்தில் வீரர் சொந்தமாக முடிவெடுக்கிறார். கார்னர், ஃப்ரீ கிக் போன்ற நின்ற பந்தில் ஒத்திகை பார்த்ததை ஆடுகிறார். ஆர்சனலில் நின்ற பந்துகளுக்கென்றே 2021இல் வந்தவர் நிக்கோலா ஜோவர். 2023-24 லீகில் ஆர்சனல் கார்னரிலிருந்து மட்டும் 16 கோல் அடித்தது. முறை இதுதான்: ஐந்தாறு பேர் தூரக் கம்பத்துக்கு அப்பால் கும்பலாக நிற்பார்கள். பென் வைட் கோல்கீப்பரை ஒட்டி நின்று, அவர் கை தூக்கிக் குதிக்க இடமில்லாமல் செய்வார். வலது பக்கக் கார்னரை இடது காலால் சாக்காவும், இடது பக்கக் கார்னரை வலது காலால் ரைஸும் அடிப்பார்கள். பந்து கோலை நோக்கி வளைந்து ஆறு கஜக் கட்டத்துக்குள் விழும். உதைக்கும் நொடியில் கும்பல் உள்ளே பாயும். இரண்டு பேர் எதிரணிக்காரர்களின் ஓட்டப் பாதையில் குறுக்கே நிற்க, கேப்ரியல் ஓடிவந்து எழும்புவார். ஓடிவந்து குதிப்பவருக்கும் நின்ற இடத்தில் குதிப்பவருக்கும் உயரத்தில் உள்ள வித்தியாசம்தான் கோல். இதில் ஜோவருக்கும் கேப்ரியலுக்கும் பங்கு பிரிப்பது எளிது: உதை அரை மீட்டர் தாழ்ந்தால் முதல் ஆள் தலையால் வெளியேற்றிவிடுவார், அது உதைப்பவரின் திறமை, ஆனால் கேப்ரியல் யாரும் தடுக்காமல் ஓடிவருவது ஜோவரின் வேலை.

ஆட்களின் இடத்தை மாற்றுவதும் இதே ரகம். ஆர்னே ஸ்லாட் லிவர்பூலுக்குக் கோச்சாக வந்த 2024 கோடையில், உடனே ஆட வந்த ஒரே புதிய ஆள் கியேசா. அவரும் பெரிதாக ஆடவில்லை. தற்காப்பு மிட்ஃபீல்டராக சுபிமெண்டியை வாங்கும் முயற்சி கைகூடவில்லை. ஏற்கெனவே இருந்த கிராவன்பெர்க்கை அந்த இடத்துக்கு இறக்கினார். நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே லிவர்பூல் சாம்பியன்.

நம் நாட்டில் இதற்கு மூத்த உதாரணம் உண்டு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவர் அணியின் சென்டர் பேக். அந்தத் தலையோடு தற்காப்பில் பந்துக்கு மோத முடியாது. கோச் சையது அப்துல் ரஹீம் அவரை ஸ்டிரைக்கராக இறக்கினார். தென் வியட்நாமுக்கு எதிரான செமி ஃபைனலில் ஒரு கோல், தென் கொரியாவுக்கு எதிரான ஃபைனலில் ஒரு கோல். இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. குழு ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே கொரியாவை! அடுத்த ஆண்டு ரஹீம் இறந்தார். 1964 ஆசியக் கோப்பையில் வேறு கோச்சின் கீழும் இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. சூனி கோஸ்வாமி போன்றவர்கள் இன்னும் இருந்தார்கள். 1966 ஆசிய விளையாட்டில் குழுச் சுற்றோடு வெளியேறியது. நல்ல வீரர்கள் ஒரு கோச்சின் மறைவைச் சில காலம் தாங்குவார்கள், ஆனால் அடுத்த தலைமுறையைத் தாங்களே உருவாக்க மாட்டார்கள்.

கோச்சுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது வாரத்தில் எத்தனை ஆட்டம் என்பதைப் பொறுத்தது. சனிக்கு சனி ஆடும் அணிக்கு ஞாயிறு மீட்சிப் பயிற்சி, திங்கள் ஓய்வு, செவ்வாய் புதனில் கடும் உழைப்பு, வியாழன் பதினொருவர் சேர்ந்து ஆட்ட அமைப்பு, வெள்ளி லேசான ஓட்டமும் நின்ற பந்துகளும். சனி, செவ்வாய், சனி என்று ஆடும் அணிக்கு நடுவில் கிடைப்பது ஒரே ஒரு மெதுவான ஒத்திகை. அதிலே புதிய அமைப்பு எதையும் பழக்க முடியாது. ரனியேரியின் 2015-16, கொன்டேயின் 2016-17 இரண்டுமே ஐரோப்பியப் போட்டி இல்லாத சீசன்கள் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக, கோச் மாறியதும் அணி ஜெயிக்கத் தொடங்குவதைப் பற்றி. கோச்சை நீக்குவது வழக்கமாக அணி தன் தரத்துக்கும் கீழே போன நேரத்தில்தான். யார் வந்தாலும், ஏன், பழையவரே நீடித்தாலும், அங்கிருந்து கொஞ்சம் மேலே வருவது இயல்பு. லெஸ்டரில் ரனியேரிக்குப் பின் வந்தவர் அவருடைய உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர். முதல் ஐந்து லீக் ஆட்டங்களும் வெற்றி. மீதமிருந்த 13 ஆட்டங்களில் 23 புள்ளிகள். ஆகா, கோச்தான் காரணம் என்றார்கள். அடுத்த சீசனில் முதல் 8 ஆட்டங்களில் 6 புள்ளிகள். அக்டோபரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். எனவே புதிய கோச்சை எடைபோட முதல் ஐந்து முடிவுகளை விடுங்கள். எதிரணிகள் பட்டியலில் எங்கே இருந்தன, காயத்திலிருந்து யார் திரும்பினார்கள், எத்தனை கோல் பெனால்டியில் வந்தன என்று முதலில் கழித்துவிடுங்கள். பிறகு பின்வரிசை பழையதைவிட எத்தனை மீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கிறது, பந்து பறிபோனதும் யார் முதலில் ஓடுகிறார், எதிரணிக்கு ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் ஷாட்டுகள் குறைகின்றனவா என்று பாருங்கள். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்குப் பிறகும் இவற்றில் எதுவும் மாறவில்லை என்றால், புள்ளிகள் கூடியிருந்தாலும் அந்தக் கோச் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை.